ஆறேகாலா, ஆறரையா?

சிதம்பரத்தில் ஜவுளிக்கடை மாடியில் நடக்கும் அந்த மாலை வகுப்பில் எதையும் பட்டிமன்றம் வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அரசு வேலைத் தேர்வுக்குப் பயிற்சி தரும் தட்சிணாமூர்த்தி சாருக்கு அப்படியொரு மோகம். மின்விசிறியை இரண்டில் வைப்பதா, மூன்றில் வைப்பதா என்று போன மாதம் நாற்பது நிமிடம் பேசினார்கள். நடுவர் சார்தான். எந்தப் பக்கம் கைதட்டு அதிகமோ அந்தப் பக்கம் தீர்ப்பு.

இந்த முறை தலைப்பைக் கொடுத்தவள் அனுப்பிரியா. வகுப்பு ஆறரையிலிருந்து எட்டரை வரை. காட்டுமன்னார்கோயிலைத் தாண்டி அவள் ஊருக்குப் போகும் கடைசி டவுன் பஸ் எட்டு இருபத்தைந்துக்கு. கடைசிக் கால் மணி நேரத்தில்தான் சார் அன்றைய தேர்வின் விடைகளை விளக்குவார். ஐந்து மாதமாக அவள் அதைக் கேட்டதில்லை. தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. ஆறேகாலுக்கே தொடங்கினால் என்ன? காரணங்கள் மூன்றை எழுதினாள், இரண்டாவதை அடித்தாள், மறுபடி எழுதினாள்.

அன்றைய பாடம், சொன்னதற்குப் பதில் சொல்லாமல் சொன்னவரைத் தாக்கும் பிழை. பத்துக் கேள்விகள். வகுப்பே பத்துக்குப் பத்து வாங்கியது. உடனே பட்டிமன்றம் தொடங்கியது.

அனுப்பிரியா மூன்று காரணங்களையும் வரிசையாகச் சொன்னாள். ஒரு கைதட்டும் இல்லை. எதிரணி சுப்புராயன் எழுந்தான்.

"டிபன் பாக்ஸ பஸ்லயே மறந்துட்டு வர்ற பொண்ணு, நமக்கு டைம் சொல்லிக் குடுக்குது சார்!"

மாடி அதிர்ந்தது. அவள் அணிக்காகக் கொளஞ்சியப்பன் எழுந்தான்.

"மச்சான், பரீட்சைக்கு ஹால் டிக்கெட்ட வீட்ல வச்சிட்டுப் போனவன்டா நீ. ஒக்காரு!"

"சபாஷ்!" என்றார் சார். இரண்டு அணியிலும் மாறி மாறி எழுந்தார்கள்.

அனுப்பிரியா நோட்டில் இரண்டு பத்தி பிரித்திருந்தாள். இடப்பக்கம் 'விஷயம்', வலப்பக்கம் 'ஆள்'. வலது பத்தி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. இடதில் அவளுடைய மூன்று காரணங்கள் மட்டும் நின்றன.

"என்னம்மா, அவ்ளோதானா?" என்றார் சார்.

தன் காரணங்களே சரியில்லையோ என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. எதிரே சுப்புராயன் ஈரத்தலையும் பவுடருமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் மறுபடி எழுந்தாள்.

"தெனம் ஆறே முக்காலுக்குப் பவுடர் பூசிக்கிட்டு வர்ற அண்ணனுக்கு, கிளாஸ் எத்தன மணிக்கு ஆரம்பிச்சா என்ன சார்?"

பெஞ்சுகளைத் தட்டினார்கள். தீர்ப்பு ஆறேகால்.

மறுநாள் விடை விளக்கத்தை முழுதாகக் கேட்டாள். ஐந்து மாதமாகத் தப்பாகவே போட்டுவந்த கணக்கு ஒன்று பிடிபட்டது. படியிறங்கும்போது கொளஞ்சியப்பன் சொன்னான்:

"நம்ம சுப்புதான் பாவம். கடலூர் சிப்காட்ல கம்பெனி வேல. கெமிக்கல் வாட போவ குளிச்சிட்டு, பவுடரப் போட்டுக்கிட்டு பஸ் புடிச்சா ஆறே முக்கால்தான் ஆவும். இனிமே மொத அரமணி நேரப் பாடம் அவனுக்குப் போச்சு."

"இத நேத்து சொல்லியிருக்கலாம்ல?"

"பட்டிமன்றத்துல போயி இதையா பேசுவாங்க?"

பஸ்ஸில் நோட்டைத் திறந்தாள். எதிரணியின் ஒரே காரணத்தை இடப்பக்கம் எழுதினாள். அது தன்னுடைய மூன்றையும்விடக் கனமாகத் தெரிந்தது. முந்தைய நாள் எழுதாமல் விட்ட தன் பவுடர் வாக்கியத்தையும் வலப்பக்கத்தில் சேர்த்தாள். அடுத்த நாள் சுப்புராயன் வந்த பிறகு கை தூக்கினாள்.

"சார், ஆறரைக்கே மாத்திடலாம். தூரத்துலேர்ந்து வேல முடிச்சு வர்றவுங்க இருக்காங்க."

மறுத்துப் பேச முதலில் எழுந்தவன் சுப்புராயன்தான்.

"முந்தாநாள் ஒரு பேச்சு, இன்னிக்கி ஒரு பேச்சு! இவுங்க வாய நம்பலாமா சார்?"

கைதட்டு அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஆறேகாலே நிலைத்தது. சுப்புராயன் நான்கு பேருக்குக் கை கொடுத்தான்.

எட்டேகாலுக்கு அவள் ஓடாமல், நடந்தே படியிறங்கினாள். பின்னாலிருந்து பவுடர் வாசனை வந்தது.

"அனு, அந்த மொத அரமணி நேர நோட்ஸ் மட்டும் குடும்மா."

கொடுத்தாள். பத்தி பிரித்த நோட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.