அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல்

ராஜலட்சுமி ஓட்டிய காரின் பின்சக்கரங்கள் தார்வீதியில் தையல் போட்டன. முப்பது மைல் வேகத்தில் போனால் ஒரு தையல் ஒரு சாண் நீளம். சந்தியில் மெதுவாக்கினால் நெல்லளவு. நூல் பெரும்பாலும் வெள்ளைதான். தீபாவளி நெருங்கும் மாதங்களில் மட்டும், அவர் வீட்டில் எந்தச் சேலைக்குப் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தாரோ அந்த நிறத்தில் வரும். 2021 ஐப்பசியில் தோர்ண்டன் ஹீத் கடைத்தெரு முழுக்க மாம்பழ மஞ்சளில் கிடந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். கவுன்சிலில் இருந்து ஓர் ஆள் வந்தார், குனிந்து இழுத்துப் பார்த்தார், தையல் உறுதி என்று குறித்துக்கொண்டு போய்விட்டார். மரக்கறிக் கடைச் சண்முகராசாவுக்குத்தான் ஒரு மனக்குறை, தன் வாசலில் இருந்த குழியை அக்கா விட்டுவிட்டாரே என்று. "ஒருக்கா ரிவேர்ஸிலை வந்திட்டுப் போங்கோ அக்கா" என்று கெஞ்சினார். அவரும் வந்து, இரண்டு வரி ஓடவிட்டு, குழியை மூடிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இதற்கெல்லாம் காரணம் கார் பழக்குகிற றமணன். ஜெர்மனியில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். தோர்ண்டன் ஹீத்தில் இன்று கார் ஓடுகிற தமிழரில் பாதிப் பேர் அவரிடம் பேச்சு வாங்கியவர்கள்தான். அவருடைய பாடம் நாற்பத்திரண்டு கட்டளைகள். கண்ணாடி, சிக்னல், கண்ணாடி, தோள், கிளச் என்று வரிசை பிசகாமல் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட வேண்டும். பிசகினால் முதலில் இருந்து. "ஹம்பேர்க்கிலை நான் இப்பிடித்தான் படிச்சனான், இது விளங்காட்டி ஒண்டும் விளங்காது" என்பார். அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைகளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சிவப்பு எல் எழுத்தை ஒட்டிய அந்த நீலக் கார் ஒழுங்கைகளில் ஊர்ந்து வரும். உள்ளேயிருந்து மனப்பாடம் கேட்கும். வீட்டு வாசலில் பல் விளக்கிக்கொண்டு நிற்பவர்களும் கூடச் சொல்வார்கள். கார் வாங்காதவர்களுக்கும் நாற்பத்திரண்டும் பாடம்.

ராஜலட்சுமிக்கு மட்டும் அது ஏறவில்லை. ஐம்பத்துநான்கு வயதில் அவர் கார் பழக வந்தது ஆசைக்கல்ல. கணவர் பாலேந்திராவுக்குச் சீனி வியாதி முதலில் கண்ணைப் பிடித்தது, பிறகு சிறுநீரகத்தை. லைசன்ஸைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயலிசிஸ். அது முடிய பஸ் ஏறத் தெம்பிருக்காது. ஆஸ்பத்திரி வண்டி வர இரண்டு மணித்தியாலமும் ஆகும், மூன்றும் ஆகும். ஆஸ்பத்திரி வாசல் வாங்குப் பலகையில் குளிரில் இருந்து இருந்து மனுசனுக்கு வாழ்க்கையே வெறுத்துப்போனது. ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே, "நான் இனிப் போகேல்லையப்பா. விடும்" என்றார். பகிடிக்குச் சொல்கிற ஆளில்லை. போகாவிட்டால் இரண்டு கிழமை தாங்காது என்று டொக்டர் சொல்லியிருந்தார். "நான் கூட்டிக்கொண்டு போறன், லைசன்ஸ் எடுக்குமட்டும் பொறுங்கோ" என்று ராஜலட்சுமி அழுது சத்தியம் வாங்கினார். பாலேந்திரா ஆவணி வரைக்கும் போய் வருவதாகத் தவணை கொடுத்தார்.

ஆனால் சமையலறையில் தண்ணீர்பட்ட பாடாக வரும் கட்டளைகள், கார்க் கதவைச் சாத்தியதும் காணாமல் போய்விடும். றமணன் கத்தக் கத்த, அவர் சொன்ன சொற்கள் ராஜலட்சுமியின் காதில் ஏறாமல் மடியில் விழுந்து குவிந்தன. பாடம் முடிய அவர் உடுப்பைத் தட்டிவிட்டு இறங்குவார். காரைக் கூட்டி அள்ள றமணனுக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். மாசியில் டெஸ்ட் ஃபெயில், சித்திரையில் ஃபெயில், ஆனியிலும் ஃபெயில்.

நான்காவது முறைக்குக் காசை வீணாக்க வேண்டாம், விட்டுவிடுங்கோ என்று சொல்லத்தான் றமணன் அந்த வீட்டுக்குப் போனார். ராஜலட்சுமி முன்னறையில் தைத்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் அவர் வேலை செய்த உடுப்பு ஃபக்டரி மூடியபோது வாங்கிவந்த பழைய மெசின் அது. மோட்டார் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலில் கால் எவ்வளவு படுகிறதோ அவ்வளவுதான் ஊசி இறங்கும். கடுகளவு அமத்தினால் ஒரு தையல், ஒன்றே ஒன்று. பிளவுஸின் கைக்குழி வளைவில் துணி தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அவரோ சீரியலைப் பார்த்துக்கொண்டிருந்தார், காலைப் பார்க்கவேயில்லை. றமணன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அக்கா, அந்தக் காலை ஒருக்கா திரும்ப அமத்துங்கோ."

"ஏன் தம்பி, மெசினிலை ஏதும் பிழையோ?"

"மெசினிலை இல்லையக்கா. பிழை என்னிலைதான்."

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருபது வருடமாக எத்தனை பேரை மொக்கு என்று பேசியிருப்பார்! கிளச்சை இவ்வளவு நுணுக்கமாக அறிந்த கால் ஹம்பேர்க்கிலும் அவர் பார்த்ததில்லை. அடுத்த நாள் காரில் ஒரு கட்டளையும் இல்லை. "மோட்டார் ஓடுது, ஒரு தையல் மட்டும் விடுங்கோ" என்றார். கார் கடுகளவு நகர்ந்தது. ரவுண்டபவுட் வந்தபோது, "கைக்குழி வருதக்கா." ஓரத்தில் நிறுத்த, "கரை மடியுங்கோ." இரண்டாம் பாடத்தில், தபால் கந்தோர் தாண்டியதும், கண்ணாடியில் பின்னால் வெள்ளை நூல் ஓடி வருவதை றமணன் கண்டார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நூல் தொய்யுது, இன்னும் கொஞ்சம் இறுக்குங்கோ" என்று மட்டும் சொன்னார். ஆவணியில் டெஸ்ட் எடுத்த வெள்ளைக்காரரும் அதைக் கண்டவர்தான். அவருடைய படிவத்தில் தையலுக்குக் கட்டம் இல்லாதபடியால் பாஸ் போட்டுவிட்டார்.

அதன்பிறகு றமணன் நாற்பத்திரண்டையும் கைவிட்டார். புதிதாக வருகிறவரை முதலில் காரில் ஏற்றவே மாட்டார், வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துக்கொண்டு அவர்களுடைய கைகால் என்ன செய்கிறது என்று பார்த்திருப்பார். மிருதங்கம் படித்த ஜதுசனுக்கு ஜதி சொல்லிப் பழக்கினார். அவன் வந்தால் சிக்னல் விளக்குகள் தாளத்தில் மாறும். சலூன் வைத்திருக்கும் மயூரா போன வீதிகளில் வேலிச்செடிகள் ஒரே மட்டமாகின. பாஸாகிறவர்களின் தொகை கூடியது, சத்தம் குறைந்தது. எங்களுக்குத்தான் ஞாயிறு காலைகள் வெறிச்சென்று போயின.

பாலேந்திரா நாலரை வருடத்தில் ஒரு டயலிசிஸும் தவறவிடவில்லை. ஊரடங்கில் வீதியில் ஒரு குருவி இல்லாத நாட்களிலும் அந்த நூல் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தது. வழியெல்லாம் அவருக்குக் குறைதான். "நடந்திருந்தா இதுக்குள்ளை போய்ச் சேர்ந்திருப்பன்" என்பார். "அப்ப இறங்கி நடவுங்கோவன்" என்பார் ராஜலட்சுமி.

2023 மாசியில், ஒரு வியாழக்கிழமை, டயலிசிஸ் முடிந்து வரும்போது பாலேந்திரா, "இஞ்சேரும், மெதுவா ஓட்டும். வீடு எங்கையும் ஓடிப்போகாது" என்றார். ராஜலட்சுமிக்கு விளங்கிவிட்டது. முதலாம் கியரைப் போட்டு, பாதத்தைக் கடுகளவு மட்டும் அசைத்தார். பத்து நிமிட வழிக்கு ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் எடுத்தது. பின்னால் நான்கு பஸ்கள் வரிசையில் நின்றன. ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. பாலேந்திரா அவருடைய இடது கையில் தன் கையை வைத்துக்கொண்டு, கண் தெரியாவிட்டாலும், வந்த கடைகளையெல்லாம் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். சனிக்கிழமைக்கு அவர் இருக்கவில்லை.

போன வருடம் அந்த வீதியில் காஸ் குழாய் மாற்ற வந்தார்கள். அந்த வியாழக்கிழமைத் தையல் அங்குலத்துக்குப் பன்னிரண்டு, வீதி அறுக்கிற வாள் இறங்கவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு, வரைபடத்தில் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, குழாயைப் பக்கத்து ஒழுங்கையால் கொண்டு போனார்கள்.