கொன்றாலும் சாகாத பிராசஸ்

சரளாவின் டெஸ்ட் பாஸாகிவிட்டது. அதில்தான் அவளுக்குக் கோபம்.

பொம்மசந்திராவில் மெட்ரோவை விட்டு இறங்கும்போதே ஃபோனில் பச்சை டிக் வந்திருந்தது. மூன்று வாரமாகச் சிவப்பாகவே இருந்த டெஸ்ட். இடையில் யாரும் புரோகிராம் கோடில் கை வைக்கவில்லை. பிறகு எப்படித் திருந்தும்? சொல்லாமல் தானாகத் திருந்துவது அவள் வீட்டுக்காரர் தனக்கோடியாலேயே முடியாத காரியம். கம்ப்யூட்டரின் அடிமட்டத்தில் ஓடும் கெர்னலால் மட்டும் முடிந்துவிடுமா என்று முனகிக்கொண்டே ஆபீஸ் படியேறினாள்.

அவர்கள் கம்பெனி ஸ்கேன் சென்டர்களுக்குப் படங்களைச் சேமித்து வைக்கும் பெட்டி செய்கிறது. பெட்டி அவ்வப்போது தன் டிஸ்க்கை ஒரு நொடி உறைய வைத்து, நகல் எடுத்துக்கொண்டு, திரும்பத் திறந்துவிட வேண்டும். உறைந்த டிஸ்க்கில் எழுத வருகிற எதுவானாலும் திறக்கும்வரை வாசலில் நிற்க வேண்டியதுதான். சரளா இதைச் சோதித்தபோது டிஸ்க் உறைந்தது, திறக்கவே இல்லை. எழுத வந்த வேலைகள் வரிசையாகத் தொங்கின. லேப் மெஷினோ எதுவாவது ரொம்ப நேரம் தொங்கினால் கெர்னலை எச்சரிக்கை மெசேஜாகக் கத்தவிட்டுத் தானே ரீபூட் ஆகிவிடும். கத்தலைக் குறித்துவைக்க வேண்டிய லாகும் அதே உறைந்த டிஸ்க்கில். ஆக, அவள் போய்ப் பார்ப்பதற்குள் பிணமும் இருக்காது, சாட்சியும் இருக்காது.

"டெஸ்ட் தப்பு மேடம், என் மெஷின்ல சூப்பரா ஓடுது" என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் இளங்கோவன். டிஸ்க்கை உறைய வைத்துத் திறக்கும் சர்வீஸ் புரோகிராமை எழுதிய ஆம்பூர்க்காரன்.

மேனேஜர் ஹரிஷ் காபியோடு வந்தான்.

"பாத்தீங்களா சரளா, கிரீன். நீங்க போட்ட பக் ரிப்போர்ட்டை க்ளோஸ் பண்ணிடுங்க. சாயங்காலம் ரிலீஸ். உங்க கான்ட்ராக்ட் ரென்யூவலும் என் இன்பாக்ஸ்லதான் இருக்கு, மதியம் தட்டி விட்டுடறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சரளாவின் கழுத்தில் தொங்கியது கான்ட்ராக்ட் ஆட்களுக்கான ஆரஞ்சுப் பட்டை. இந்த வெள்ளிக்கிழமையோடு அதைக் கழற்றித் தர வேண்டும். அவள் செய்ய வேண்டியதெல்லாம் 'க்ளோஸ்' என்ற பட்டனை ஒரு தடவை அழுத்துவது. ஸ்ரீராம்புரத்து வீட்டில் எல்லாரும் நிம்மதியாகச் சோறு தின்பார்கள். மவுஸைப் பட்டன் மேல் கொண்டுபோய் வைத்தாள். கை இறங்கவில்லை. கைக்கும் கோபம்.

"என்ன மாத்தினீங்க ஹரிஷ்?"

"ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணும் இல்லாததைத்தான் கேக்கறேன்."

ஹரிஷ் காபியை உறிஞ்சினான். அவளே அந்த லேப் மெஷினுக்குள் நுழைந்தாள். அது ரீபூட் ஆகியிருக்கவில்லை. ஓடும் வேலைகளைக் காட்டும் பிராசஸ் பட்டியலை எடுத்தால், வரிக்கு வரி நிலை என்ற இடத்தில் 'டி'. ஆழ்ந்த தூக்கம், எழுப்ப முடியாது என்று அர்த்தம். ஒன்றைக் கொல்லச் சொன்னாள், சாகவில்லை. இன்னொன்று. அதுவும் அப்படியே. பாஸான டெஸ்ட்டின் லட்சணம் இது. டெஸ்ட் ஓட்டும் ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தாள். நேரம் முடியும்வரை மெஷின் விழாமல் இருந்தால் பச்சை போடு என்று எழுதியிருந்தது. மெஷின் விழவில்லை. ஏன் விழவில்லை? தொங்கினால் எவ்வளவு நேரத்தில் கத்த வேண்டும் என்ற எண் இருக்கும் இடத்தில் பூஜ்யம்.

"இந்த ஜீரோவைப் போட்டது யாரு?" ஹால் முழுக்கக் கேட்டது.

ஹரிஷ் காபியைக் கீழே வைத்தான். "மெதுவா சரளா. அந்த மெசேஜ்லயே இருக்குல்ல, ஜீரோ போட்டா இந்த மெசேஜ் வராதுன்னு. அதுவே சொல்லுது, நான் போட்டேன்."

உண்மைதான். கெர்னல் கத்தும்போதே தன் வாயை அடைக்கும் வழியையும் சேர்த்துச் சொல்லிவிடும். அவ்வளவு நேர்மையான ஜந்து.

"மெசேஜ் வராதுன்னுதான் போட்டிருக்கு, வியாதி வராதுன்னா போட்டிருக்கு? ஸ்கேன் சென்டர்ல ஒருத்தி வயித்துல கட்டியோட படுத்திருப்பா. படம் எடுப்பாங்க, அது வாசல்லயே நிக்கும். மெஷின் கத்தக்கூடக் கத்தாது. வாயைக் கட்டிட்டீங்களே."

"அதுக்கில்ல, ரிலீஸ்..."

"ரென்யூவல் கொடுக்கறவரைக்கும் நான் கத்தக் கூடாதா? எனக்கும் ஜீரோ போட்டுப் பாருங்க."

சொன்ன பிறகுதான், சொன்னதன் மாதச் சம்பளம் என்ன என்று அவளுக்கு உறைத்தது. ஆனால் கோபம் என்பது ஓடுகிற பஸ், நடுவில் இறங்கினால் முட்டி பெயரும். அப்படியே உட்கார்ந்து வேலையைப் பார்த்தாள்.

ஹரிஷ் வாயை அடைத்ததில் ஒரு புண்ணியம் இருந்தது. மெஷின் விழாததால் பிணங்கள் எல்லாம் கிடந்த இடத்திலேயே கிடந்தன. தொங்கும் ஒவ்வொன்றும் எந்த இடத்தில் நிற்கிறது என்று கெர்னலைக் கேட்டாள். திரை நிறையக் கொட்டியது. பாதி, எழுத வந்து நின்ற அப்பாவிகள். அவற்றைத் தள்ளித் தள்ளிப் போனால், வரிசையில் அவர்களோடு அவர்களாக, டிஸ்க்கைத் திறந்துவிட வேண்டிய இளங்கோவனின் சர்வீஸும் நின்றுகொண்டிருந்தது.

சாவி வைத்திருப்பவனே வாசலில் நிற்கிறான்.

"இளங்கோ, இங்க வாங்க."

"டெஸ்ட்தான் பாஸ் ஆயிடுச்சே மேடம்."

"வாங்கன்னேன்."

வந்தான். குனிந்து பார்த்தான். தான் எழுதிய ஃபங்ஷனின் பெயரைக் கண்டதும் காதோரம் சிவந்தது.

"திறக்கறதுக்கு முன்னாடி என்ன செய்யறீங்க?"

"ஒண்ணும் இல்ல. லாக்ல ஒரு வரி... 'இப்பத் திறக்கப் போறேன்'னு. எதைச் செஞ்சாலும் முதல்ல எழுதிட்டுத்தான் செய்யணும்னு ஹரிஷ் ரூல் போட்டாரே."

"லாக் எங்க இருக்கு?"

"என் மெஷின்ல வேற டிஸ்க்ல." நிறுத்தினான். "பெட்டியில ஒரே டிஸ்க்."

பூட்டைத் திறக்கப் போகிறேன் என்று எழுதாமல் திறக்க மாட்டேன் என்கிறது அது. எழுத வேண்டிய நோட்டோ பூட்டுக்கு உள்ளே.

"மூணு வாரம்," என்றாள் சரளா. "மூணு வாரமா என் டெஸ்ட் தப்பு."

"சாரி மேடம். ரெண்டு வரியை இடம் மாத்தினா போதும்."

"தெரியும். அதனாலதான் இன்னும் எரியுது."

ஹரிஷ் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு யாருக்கோ ஃபோன் போட்டு, ரிலீஸ் இன்றைக்கு இல்லை என்று கன்னடத்தில் தொண்டையைச் செருமிச் செருமிச் சொன்னான். வைத்துவிட்டு, "ரென்யூவல் ஒரு மாசத்துக்குத்தான் கேக்க முடியும். ரிலீஸ் தள்ளினதுக்கு மேல கேப்பாங்க" என்றான். ஆறு மாதம் என்று பேசியிருந்தது. சரளா தலையை மட்டும் ஆட்டினாள். பட்டனை அழுத்தியிருந்தால் ஆறு. அழுத்தாததற்கு ஒன்று. கணக்கு சரிதான், கணக்குப் போட்டவன்தான் சரியில்லை.

இளங்கோவன் அங்கேயே உட்கார்ந்து வரிகளை மாற்றினான். கெர்னல் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பேட்ச் என்கிற திருத்தத்தின் அடியில் குற்றம் கண்டுபிடித்தவர் பெயரைப் போடுவார்கள். 'தெரிவித்தவர்: டெஸ்ட் டீம்' என்று அடித்தான்.

"டெஸ்ட் டீம்னா யாரு? ஸ்ரீராம்புரத்துல எந்தத் தெரு?"

அவன் விரல் நின்றது. ஒவ்வொரு எழுத்தாகப் பின்னால் போய் அழித்தான்.

"கான்ட்ராக்ட் ஆளுங்க பேர் போடறது..." என்று ஹரிஷ் ஆரம்பித்து, சரளாவின் முகத்தைப் பார்த்து, காபி டம்ளரை எடுத்துக்கொண்டு நகர்ந்தான்.

"மேடம், உங்க இனிஷியல் என்ன?"

எட்டு மாதமாகப் பக்கத்து சீட். அதற்கும் தனியாகக் கோபப்பட வேண்டும்தான். அதை நாளைக்கு ஒத்திவைத்துவிட்டு, நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துக்கொண்டாள்.

"எம்," என்றாள். "ஸ்பெல்லிங் தப்பா அடிச்சீங்க, மறுபடி பக் போடுவேன்."