அப்பாவின் கையில் மஞ்சள் காப்பு

இலங்கைக்குப் போன இந்தியப் படை திரும்பி வரலாமா, கூடாதா என்பதை டெல்லியில் முடிவு செய்ததாகச் சொல்வார்கள். நம்பாதீர்கள். 1989-ல் மம்சாபுரத்தில், நாங்கள் கூடுகிற ஐயாதுரையின் சைக்கிள் கடை வாசலில், தினமும் காலையில் அது முடிவாகிக்கொண்டிருந்தது. டெல்லிக்குத்தான் தகவல் போய்ச் சேரவில்லை.

‘கூடாது’ கட்சிக்குத் தலைவர் சுந்தரபாண்டியன். அவர் பார்த்த தூரதேசம் மதுரை, அதுவும் பெரியாஸ்பத்திரி. ஆனால் யாழ்ப்பாணத்தில் எந்தத் தெருவில் படையை நிறுத்த வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி.

“பாதியில திரும்புனா ஒலகம் காறித் துப்பாதா? எம்புட்டு வருசம் ஆனாலும் நின்னு முடிச்சுட்டுத்தாம்லே வரணும்!”

ஐயாதுரை பஞ்சர் ஒட்டியபடியே, “அங்க நிக்கது ஒங்க மகந்தான அண்ணாச்சி?” என்பார்.

“அதனாலதாம்லே சொல்லுதேன்!” மீசையை நீவிக்கொள்வார்.

பங்குனியில் அந்த மகன் உக்கிரபாண்டி லீவில் வந்தான். பாதியாக இளைத்திருந்தான். தெருவில் யாராவது ஒரு வெடி போட்டால் சுவரோரம் ஒண்டினான். அதைப் பார்த்த நாளிலிருந்து சுந்தரபாண்டியன் கடைப்பக்கம் வரவில்லை. தலைவர் இல்லாமல் எங்கள் யுத்தம் தடுமாறிப்போனது.

அம்மன் கோயில் பொங்கலுக்குக் காப்புக் கட்டும் நாள் வந்தது. கையில் மஞ்சள் நூல் கட்டிக்கொண்டவர் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அம்மன் சும்மா விட மாட்டாள். உக்கிரபாண்டியோ மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ரயில் ஏற வேண்டும். அக்கினிச்சட்டி எடுப்பவர்களின் வரிசையில் அவனை இழுத்து வந்து நிறுத்திய சுந்தரபாண்டியன், “கட்டுங்க சாமி” என்று அவன் கையைப் பூசாரி இருளப்பசாமியிடம் நீட்டினார். பட்டாளத்தை அம்மனைக் கொண்டு மடக்குகிற வித்தை. டெல்லியில் எவனுக்கும் தோன்றியிருக்காது.

மகன் கையை உருவிக்கொண்டான். “நாளைக்கு நான் போகணும்யா. நின்னு முடிச்சுட்டுத்தான் வரணும்னு நீங்கதான ஊரெல்லாம் சொன்னீக?”

“நான் பட்டாளத்தத்தாம்லே நிக்கச் சொன்னேன். ஒன்னையவா சொன்னேன்?”



உக்கிரபாண்டி பூசாரியிடமிருந்து நூலை வாங்கி அப்பாவின் கையில் கட்டினான். “நான் வார வரைக்கும் அவுக்காதீக” என்றான். மறுநாள் போய்விட்டான்.

திருவிழா முடிந்து எல்லாரும் காப்பை அவிழ்த்தார்கள். இவர் அவிழ்க்கவில்லை. ராஜபாளையத்தில் தங்கச்சி மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடித் தேருக்கும் போகவில்லை. வேறு போக்கிடம் இல்லாததால் சைக்கிள் கடைக்கே திரும்பி வந்தார்.

ஐயாதுரை பேப்பரை மடித்து வைத்தார். “இப்பமாவது ஒத்துக்கிடுங்க அண்ணாச்சி. பட்டாளம் திரும்பி வரணுமா, வேண்டாமா?”

சுந்தரபாண்டியன் நைந்துபோன நூலைத் தடவிக்கொண்டார். இத்தனை காலம் கட்சி நடத்தியவர், சட்டென்று மாறிவிட முடியுமா?

“பட்டாளம் மெதுவா வரட்டும்லே. எம் மவன மட்டும் முன்னால அனுப்பிரச் சொல்லு.”