அடைக்கலப் பட்டணத்தில் ஒரு ஜெபம்

அசரெயேல் மரம் வெட்டும்போது கோடரித் தலை காம்பை விட்டுக் கழன்று பறந்தது. போய் விழுந்தது மனைவியின் தம்பி யாமினின் நெற்றியில். வேண்டுமென்று செய்யவில்லை என்று எப்ரோன் பெரியவர்கள் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் பழிவாங்கச் செத்தவனின் அண்ணனுக்கு உரிமை உண்டு. அடைக்கலப் பட்டணமான எப்ரோனின் எல்லைக்குள் இருக்கும்வரை அசரெயேல் மேல் அவன் கைவைக்க முடியாது. எருசலேம் ஆலயத்தின் தலைமைக் குருவான பிரதான ஆசாரியர் இறந்தால்தான் விடுதலை. அதற்கப்புறம் யாரும் தொடக் கூடாது.

அசரெயேல் அந்த ஆசாரியரின் சாவுக்காகப் பன்னிரண்டு வருஷமாகக் காத்திருந்தான். சட்டம் அவன் உயிரைக் காப்பாற்றியது, சரி; வேறெதையும் காப்பாற்றவில்லை. தம்பியைக் கொன்றவன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று மனைவி அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். மூன்று வயதில் விட்டுவந்த மகள் திர்சாவையும் ஒருநாள்கூட அனுப்பவில்லை.

திராட்சை அறுப்பு முடிந்த வாரம் எண்ணெய் வியாபாரி ஒருவன் சேதி கொண்டுவந்தான்.

"உன் பொண்ணுக்குக் கல்யாணம்யா. கூடாரப் பண்டிகை முடியற அன்னிக்கு. மாப்பிள்ளை யோர்தானுக்கு அந்தப் பக்கம், ரொம்ப தூரம்."

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

"அப்பா உயரமா, குட்டையான்னு கேட்டா."

அன்றிலிருந்து அசரெயேல் வெளிப்படையாகவே ஜெபிக்கத் தொடங்கினான். ஆண்டவரே, அந்த ஆசாரியரைச் சீக்கிரம் எடுத்துக்கொள்ளும். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மகளை ஒருமுறை பார்க்க வேறு வழி இல்லை.

பண்டிகைக்கு முன்னால் பிரதான ஆசாரியரின் தாய் வந்தாள். வருஷா வருஷம் எருசலேமிலிருந்து கழுதையில் வந்து, கைதவறிக் கொன்ற அத்தனை பேருக்கும் ரொட்டியும் போர்வையும் கொடுப்பாள்; மகன் சாக வேண்டும் என்று அவர்கள் வேண்டிக்கொள்ளக் கூடாதே என்றுதான்.

"மகனோட உசுருக்கு லஞ்சம் வந்திருச்சு, எல்லாரும் வரிசையில நில்லுங்க!" என்றான் கீஷ். அவன் ஏணியைக் கைதவறிச் சாய்த்து ஒருவனைக் கொன்றவன். வாய் மட்டும் அடங்கவில்லை.

வாங்கிய ஒவ்வொருவனும், "உங்க மகன் நூறு வருஷம் இருக்கணும்மா" என்றான். அசரெயேல் போர்வையை வாங்கிக்கொண்டு பேசாமல் நின்றான்.

"நீ ஒண்ணும் சொல்லலையேப்பா?"

"பொய் சொல்ல வரலம்மா. உங்க மகன் சாகணும்னுதான் வேண்டிக்கிட்டிருக்கேன். என் பொண்ணுக்குக் கல்யாணம்."

கீஷ் அவன் விலாவில் இடித்தான். கிழவி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவன் படுத்த படுக்கையாத்தான் கிடக்கான். உன் வேண்டுதல் பலிச்சாலும் பலிக்கும்" என்றாள். "என் வீட்டுக்காரரும் இதே பதவியில இருந்தவர்தான். அவர் செத்த அன்னிக்கு இந்த ஊர்லேருந்து விடுதலையானவங்க எங்க வாசல் வழியாத்தான் போனாங்க. பாட்டும் கூத்தும். பொணம் உள்ள கிடக்கு. அவங்களை எப்படி நான் குறை சொல்ல? வீட்டுக்குப் போறவன் பாடாம என்ன செய்வான்?"

அசரெயேல் அவள் எதிரே தரையில் குந்தினான்.

"வேண்டிக்காதேன்னு உன்னைக் கேக்க மாட்டேன். போறப்ப மட்டும் பாடாம போப்பா."

"சரிம்மா."

அவள் போன பிறகு ஜெபிக்க முட்டி போட்டான். ஆண்டவரே என்றதோடு வாய் நின்றுவிட்டது. மறுநாளும் அப்படியே. மகள் முகம் நினைவில் இல்லை. கிழவியின் முகம்தான் வந்து வந்து நின்றது. இது என்ன அநியாயம் என்று அவனுக்குக் கோபம்கூட வந்தது.

பண்டிகையின் கடைசி நாள் காலையில் எருசலேமிலிருந்து ஒரு தூதன் வந்தான். பிரதான ஆசாரியர் நோய் தீர்ந்து எழுந்துவிட்டாராம், பலிகூடச் செலுத்தினாராம்.

"கல்லுக்குண்டு மாதிரி இருக்கான்யா, நம்மளையெல்லாம் புதைச்சிட்டுத்தான் போவான்" என்று கீஷ் காறித் துப்பினான். எல்லோரும் முணுமுணுத்தபடி கலைந்து போனார்கள்.

சாயங்காலம் அசரெயேல் தனியாக எல்லைக்கல் வரை நடந்தான். இந்நேரம் திர்சாவை மணப்பெண்ணாக அழைத்துப் போயிருப்பார்கள். யோர்தானைத் தாண்டிவிட்டால் இந்த ஜென்மத்தில் அவளைப் பார்க்கப் போவதில்லை.

"சரி, அந்தம்மா பிள்ளை இருந்துட்டுப் போகட்டும்" என்று வாய்விட்டுச் சொன்னான். கேட்க அங்கே யாரும் இல்லை. அதற்குப் பிறகுதான் மகளை நினைத்து அழுதான்.