மாத்திரை பிடிக்காத இடம்

புதன்கிழமை காலை, வலையிலிருந்து துள்ளி விழுந்த கெளுத்தியின்மேல் முனியன் தெரியாமல் காலை வைத்துவிட்டார். முள் பாதத்தில் ஏறியது. கோட்டைக்குப்பத்தில் எல்லாருக்கும் நடப்பதுதான். சாயங்காலம் வீங்கியதும் அவர் மனைவி கோவிந்தம்மா, சென்னையில் ஆராய்ச்சி மாணவனாக இருக்கும் மகன் ஹேமந்துக்கு போன் செய்தாள். அவன் ஒரு மாத்திரையின் பெயரைச் சொன்னான்.

"மெடிக்கல்ல கேட்டு வாங்கும்மா. ரெண்டு வேளை குடு. சரியாப்பூடும்."

அந்த மாத்திரையை அவனுக்கு நன்றாகத் தெரியும். பாக்டீரியா தன் டி.என்.ஏ.வை நகலெடுக்கும்போது முன்னால் இருக்கிற இழை முறுக்கிக்கொண்டே போகும். நான்கு புரதங்கள் சேர்ந்த ஜைரேஸ் என்ற கூட்டு அந்த இழையை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மறுபடி ஒட்டும். மாத்திரை அந்த வெட்டில் போய் உட்கார்ந்து ஒட்டவிடாமல் செய்யும். அந்த இடத்தின் வடிவத்தை அணு அணுவாகக் கண்டுபிடிப்பதிலேயே ஹேமந்துக்கு நாலு வருடம் போயிருந்தது.

முனியன் இரண்டு நாள் அந்த மாத்திரையை நம்பி வீட்டில் கிடந்தார். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தபோது கால் கருத்து, கொப்புளம் கட்டியிருந்தது. ஹேமந்த் அன்றிரவே சென்னையிலிருந்து வந்து சேர்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. உப்புத்தண்ணீரில் வாழும் விப்ரியோ கிருமி. ஹேமந்த் சொன்ன மாத்திரை அதற்குக் கேட்காது என்று போட்டிருந்தது. ஜைரேஸில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தாலும் மாத்திரைக்குப் பிடிமானம் போய்விடும். எது மாறியிருக்கும் என்றுகூட அவனால் ஊகிக்க முடிந்தது.

"வேற மருந்து ஏத்திக்கிட்டுதான் இருக்கோம்," என்றார் டாக்டர். "ஆனா கால் அழுகிடுச்சு. முழங்காலுக்கு மேல எடுத்தாதான் உயிர் நிக்கும். உடனே கையெழுத்து வேணும்."

ஹேமந்த் வராந்தாவில் நின்று பேராசிரியருக்கு போன் செய்தான். தெரிந்த டாக்டர்கள் இரண்டு பேரைக் கேட்டான். எல்லாரும் அதையே சொன்னார்கள்.

கோவிந்தம்மா அவன் கையிலிருந்த சம்மதப் பேப்பரைப் பிடுங்கிக்கொண்டாள். "காலு இல்லாம அந்தாளு எப்டிடா போட்டுல நிப்பாரு? நீ இதத்தானே படிக்கிறே. இன்னா பண்ணா சரியாவும்னு சொல்லு."

"அந்தக் கிருமி உள்ள எப்டி இருக்கும்னுதாம்மா எனக்குத் தெரியும்."

"அப்போ இன்னாத்துக்குடா படிச்சே?"

அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பேப்பரை எடுத்தான். கசங்கியிருந்ததைச் சுவரில் வைத்து நீவிக் கையெழுத்துப் போட்டான்.

முனியனுக்கு நினைவு திரும்ப மூன்று நாள் ஆயிற்று. போர்வை பாதியில் தட்டையாகக் கிடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நா சொன்ன மாத்திரை கேக்கல நைனா," என்றான் ஹேமந்த். "அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்லியிருக்கணும்."

 "மாத்திரை கேக்கலன்னு உங்கம்மாவாண்ட சொல்லிட்டியா?" என்றார் முனியன்.

"இல்ல."

"சொல்லாத."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கோவிந்தம்மா ஃபிளாஸ்க்கில் டீயுடன் வார்டுக்குள் வந்துகொண்டிருந்தாள்.