முறைக்காரர் என்னும் சொல்

மேற்கே ஒகேனக்கல் பாறைகளினூடே காவிரி நூலென மெலிந்து கிடக்க, கிழக்கே குன்றுகள் எரிந்தணைந்த அடுப்புக் கற்களைப்போல் கருகி நிற்க, இரக்கமறியாத ஆண்டையைப்போல் கதிரவன் இறங்க மனமின்றித் தயங்கிய எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கோடையின் ஒரு ஞாயிறு மாலையில், மாரண்டஹள்ளிக்கு வடபாலிருந்த சிற்றூரொன்றின் வற்றாத ஒற்றைக் கிணற்றைச் சூழ்ந்து, வெறுங்குடங்களோடு மக்கள் திரண்டு நின்றனர். நூல்நலம் தேர்ந்த அன்பரீர், குடங்கள் வெறுமையுற்றால் வாய்கள் நிறைந்துவிடும் என்பது சந்தை கண்டோர் யாவரும் அறிந்ததே.

அக்கிணறு, ஊர்க் கத்தோலிக்கருக்குத் தலைவரான மதலைமுத்துவுக்கும் அவர் தங்கை ரோசம்மாவுக்கும் தந்தை விட்டுச்சென்ற பொதுச்சொத்து. ஓசூரில் மெதடிஸ்து சபையைச் சார்ந்த ஆசிரியன் அர்ச்சுனனை மணந்து சென்றவள், நெஞ்சுநோயுற்றுச் சென்ற திங்களில்தான் கணவனோடு திரும்பி, கிணற்றருகே ஓலைக் குடிசையொன்றில் தங்கியிருந்தாள். அவள் இங்கேயே தங்கிவிடின் பாதித் தண்ணீர் அவளுடையது. பாதித் தண்ணீரில் மதலைமுத்துவின் தக்காளித் தோட்டம் பிழையாது. இக்கணக்கை அவர் எவரிடமும் சொல்லவில்லை. தம் நெஞ்சுக்குங்கூட மெல்லத்தான் சொல்லிக்கொண்டார்.

முந்தின நாள் மாலையில்தான் அர்ச்சுனன் அவரிடம் தன் சபை வரலாற்றை விரித்துரைத்திருந்தான்.

“நாங்க தனி மதமில்லீங்க மச்சான். ரோமச் சபை அடிமரம். அதுல பிரிஞ்ச கிளை இங்கிலாந்துச் சபை. அந்தக் கிளையில துளிர்த்த கொப்பு நாங்க. எங்களைத் தொடங்கினவரு சாகற வரைக்கும் அந்தச் சபைக் குருதானுங்க. முறை வச்சுச் செபம் பண்ணி, முறை வச்சுச் சிறைக்குப் போயி கைதிங்களைப் பாத்தவங்கள, கூடப் படிச்சவங்க ‘முறைக்காரங்க’ன்னு கேலி பண்ணாங்க. அதுவே பேராயிடுச்சு.”

“கேலியையே குலப்பேராக்கிட்டீங்க, கெட்டிக்காரங்கதான்!” என்று நகைத்திருந்தார் மதலைமுத்து.

இன்றோ அதே சொல், கிணற்றுநீரில் முறைப்பங்கு உடையவரையே முறைக்காரர் என்றழைக்கும் அவ்வூரில், உலர்ந்த வைக்கோலில் விழுந்த பொறியாய்ப் பற்றிக்கொண்டது. வேலியோரத்து மிக்கேலம்மாள் குடத்தை இடறிவிட்டுக் கூவினாள்:

“நீங்க யாருப்பான்னு கேட்டா, ‘முறைக்காரங்க ஆத்தா’ன்னு வாய்கூசாம சொல்றான்! போன ஞாயித்துக்கெழம ஓசூர்லருந்து பத்துப் பேரு வந்து, வட்டமா குந்தி, ரொட்டியப் பிட்டுத் தின்னுட்டு ஒரே சொம்புத் தண்ணிய ஆளுக்கு ஒரு வாயி குடிச்சாங்க. தண்ணியில பங்கு போட்டுச் சத்தியம் பண்ணாம வேறென்னவாம்?”

அது அச்சபையார் அன்பின் அடையாளமாய்க் கூடியுண்ணும் எளிய விருந்தென்பதை மதலைமுத்து அறிவார். இளையோன் சவரி அவரை நோக்கி, “சபை பிரிஞ்சு போன பதிதனுக்கு நம்ம கிணத்துல என்ன முறை? நீங்களே சொல்லுங்க மாமா!” என்றான்.

கூட்டம் அவர் வாயையே நோக்கிற்று. குடிசை வாயிலைப் பற்றி நின்ற ரோசம்மா இருமலினூடே, “அண்ணா, உனக்குத் தெரியுமே! நேத்துத்தானே அவரு சொன்னாரு!” என்றாள்.

மதலைமுத்து குனிந்து, அறுந்திராத செருப்பின் வாரைச் சரிசெய்தார்.

அவர் நிமிர்வதற்குள் கூட்டத்தின் கைபட்டுக் குடிசை வேலி சரிந்தது. கூரை ஓலைகள் பறந்தன. புழுதியினூடே, மனைவியைத் தோளில் சாய்த்தவாறு அர்ச்சுனன் பேருந்துச் சாலைக்கு நடந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தவன் அவன்தான், அதுவும் ஒரேமுறை.

தண்ணீர் முழுதும் தோட்டத்துக்கே பாய்ந்தது. தக்காளி குருதிச் செம்மையோடு பழுத்தது. சனிதோறும் பாவம் அறிக்கையிட்டு ஒப்புரவு பெற மண்டியிடும் மதலைமுத்துவோ, அதன்பின் குருவின் செவியருகே நெடுநேரம் வாளாவிருந்து எழுந்துபோவாராயினார். பொய்யுரைத்தவன் அப்பொய்யைச் சொல்லி மன்னிப்பு இரக்கலாம். உரைக்க வேண்டியதை உரையாதவன் எச்சொல்லைக்கொண்டு தொடங்குவான்?