ஓரத்தில் ஒரு முழங்கை

ஷபீனாவுக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சிவக்கும். கீழ்க்கட்டளை கல்யாண மண்டப வாசலில் நகர் நலச் சங்கச் செயலாளர் சக்திவேல் ஓடிவந்து, “வாங்க மேடம், கேமரா கொண்டாந்துட்டீங்கல்ல?” என்று கேட்டதுமே இரண்டு காதும் சுட ஆரம்பித்துவிட்டன.

பல்லாவரத்தில் ஒரு தோல் பை கம்பெனியில் அவளுக்கு வேலை. வெளிநாடு போகும் கைப்பைகளை வெள்ளைத் துணிமேல் வைத்துப் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். அது சம்பளத்துக்கு. தனக்கென்று எடுப்பது வெள்ளிக்கிழமை மதியங்களில், சாப்பாட்டு நேரத்தில், பக்கத்து வாரச் சந்தைக்குள் புகுந்து.

அங்கே பழைய டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடிகளைச் சாலையோரம் சாய்த்துவைத்து விற்கிறவள் ஒருத்தி உண்டு. தலைக்கு மேலே விமானம் தாழ்வாகப் போகும்போது ஒரு கண்ணாடியில் வாலும் இன்னொன்றில் இறக்கையுமாக அது துண்டு துண்டாகத் தெரியும். ஒருநாள் அந்த இரைச்சலைச் சட்டையே செய்யாமல் அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நொடிதான் படம். அதற்காக ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் ஷபீனா சாப்பாட்டை விட்டுவிட்டு அலைந்திருந்தாள்.

சங்கம் கலை விழா நடத்தப்போகிறது என்றதும் அந்தப் படத்தைத்தான் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். சக்திவேல் போன் செய்தார்.

“படம் சூப்பர் மேடம். ஆனா இது கலை விழா பாருங்க.”

“போட்டோ கலை இல்லையா சார்?”

“கலைன்னா கையால பண்ணணும் மேடம். கோலம் வருது, பாட்டில் பெயின்டிங் வருது, சாக்பீஸ்ல புள்ளையார் கூட வராரு. போட்டோவ மெஷின்தானே எடுக்குது?”

“அப்ப ஓவியத்த பிரஷ்ஷா வரையுது?”

அவர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். அடுத்த வாரம் மறுபடியும் கூப்பிட்டு, விழாவைப் படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொல்லத்தான் நினைத்தாள். “நாலு பேர் பழக்கம் வேணும் ஷபீ. ஒத்துக்கோ” என்று கணவன் முனீர் பக்கத்தில் நின்று கிசுகிசுத்ததில் சரியென்று சொல்லித் தொலைத்தாள்.

மண்டபத்துக்குள் மேடைக்கு நேரெதிரே, பூமாலையோடு, முதல் பரிசு ஓவியம் நின்றிருந்தது. பக்கத்தில் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். சாய்த்துவைத்த கண்ணாடிகள். துண்டு துண்டாய் விமானம். சீப்பைப் பிடித்த கை அதே உயரத்தில். மூன்றாவது கண்ணாடியின் உடைந்த மூலைகூட அப்படியே. வானம் மட்டும் ரோஜா நிறத்துக்கு மாறியிருந்தது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இது உன் போட்டோதானே?” என்றான் கூடவே வந்திருந்த முனீர்.

அருகில் வேட்டி சட்டையில் ஒரு பெரியவர் கைகட்டி நின்றிருந்தார். ஏசுதாசன். மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றபின் வரைய ஆரம்பித்தவர்.

“ஆமாம்மா, குரூப்ல வந்துச்சே, அதப் பாத்துதான் வரைஞ்சேன். நீங்க போட்டதா? ரொம்ப நல்ல ரெஃபரன்ஸ்” என்றார், கொஞ்சமும் ஒளிக்காமல்.

“அந்தக் கடைசிக் கண்ணாடி ஓரத்துல பச்சையா இருக்கே, அது என்ன சார்?”

அவர் குனிந்து பார்த்தார். “ஏதோ துணி தொங்குதும்மா.”

“துணி இல்ல சார். பச்சைச் சுடிதார் கையோட என் முழங்கை. நான் கேமராவத் தூக்கிப் பிடிச்சிருக்கேன், அது கண்ணாடில விழுந்திருக்கு. என்னையும் சேத்துத்தான் வரைஞ்சிருக்கீங்க.”

சக்திவேல் வந்து நடுவில் நின்றுகொண்டார். “மேடம், இதுக்கு ஏன் டென்ஷன்? கீழ ஒரு அட்டை வெச்சிடலாம். ‘புகைப்பட உதவி: ஷபீனா’ன்னு.”

“உதவியா? அதே படத்த நான் குடுத்தப்ப கலை இல்லன்னீங்க. அவர் பாத்து வரைஞ்சா முதல் பரிசு. நடுவுல இன்னா வந்து சேந்துச்சு?”

“உழைப்பு மேடம். சார் வாரக்கணக்கா உக்காந்து பண்ணியிருக்காரு.”

“நான் மாசக்கணக்கா நின்னேன்.”

“நின்னது படத்துல தெரியாதே மேடம்” என்றார் அவர். கிண்டலாகக்கூட இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். அதுதான் ஷபீனாவை இன்னும் எரித்தது.

கேமராவைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். “மெஷின் எடுக்கறதுதானே சார், யார் எடுத்தா என்ன? நீங்களே எடுத்துக்கங்க.”

சக்திவேல் தயங்கவில்லை. தன் போனை எடுத்தார். குத்துவிளக்கு, கவுன்சிலர், பொன்னாடை என எல்லாவற்றையும் கிளிக் கிளிக்கென்று எடுத்துத் தள்ளினார். அவர்கள் வெளியேறும் முன்பே படங்கள் குழுவில் வந்து விழுந்தன. எல்லாம் பளிச்சென்றுதான் இருந்தன. ஒன்றுகூடக் கை ஆடி மங்கலாகியிருக்கவில்லை.

வண்டியை எடுக்கப் போனபோது ஏசுதாசன் மெதுவாகப் பின்னால் வந்தார்.

“ஒண்ணு கேக்கணும்மா. போன்ல முகம் சின்னதா இருந்துச்சு, சரியாத் தெரியல. அதான் நானா சிரிப்பு வெச்சேன். நிஜத்துல எப்படி இருந்தா?”

“சிரிக்கல சார். ஹேர்பின்னப் பல்லுல கடிச்சிக்கினு இருந்தா.”

அவர் முகம் விழுந்துவிட்டது. “தப்பா வரைஞ்சிட்டேனே” என்றார் தனக்குள். அந்த ஆளைத் திட்டவும் முடியாமல் போனது அவளுக்குப் பெரிய எரிச்சல். வண்டியில் ஏறிக்கொண்டாள்.

மத்தியானம் குழுவில் நிதானமாக எழுதினாள்: முதல் பரிசு ஓவியம் என் புகைப்படத்தின் நகல், ஓரத்தில் தெரிவது என் கை. கட்டைவிரல்கள் வந்தன, கும்பிடும் கைகள் வந்தன. யாரோ ஒருவர், “சூப்பர் மேடம், நீங்கதான் மாடலா?” என்று கேட்டிருந்தார்.

லேப்டாப்பில் படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். பல்லிடுக்கில் ஹேர்பின் இருந்தது, சந்தேகமே இல்லை. ஆனாலும் எத்தனை தடவை பார்த்தாலும் அந்த உதடு இப்போது சிரிக்கப்போவதுபோலவே பட்டது.

“இங்க வாங்களேன்” என்று முனீரைக் கூப்பிட்டாள். “இவ சிரிக்கிறாளா?”

முனீர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தான். “லேசா” என்றான்.

ஷபீனா லேப்டாப்பைப் படாரென்று மூடினாள்.